ரிலீவர் வராத பாலம்

நான் எழுந்து நின்ற நொடியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட அவைத் தலைவர், டைம் ஆபீஸ் தந்த தங்கம், ஐயா சாலமோன் அவர்களே. இந்தச் சமுதாயக் கூடத்தை எங்களுக்குக் கொடுத்து, கூடத்தைவிடப் பெரிதாக நிபந்தனைகளையும் கொடுத்த பெரியோர்களே. ஞாயிறுதோறும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் தவித்து, தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகத் தவித்த தாய்மார்களே. இரவு ஷிப்ட் முடித்துக் கண்ணயராமல் வந்திருக்கும் தோழர்களே. இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டும் என்பதால் வாசலை ஒட்டியே அமர்ந்திருக்கும் நண்பர்களே. பேச்சு முடிந்தால்தான் பிரியாணி என்று அறிந்து பொறுமை காக்கும் நேர்மையாளர்களே. உங்கள் அனைவருக்கும் கும்மிடிப்பூண்டி பகடைக் கழகத்தின் சார்பில், இதே கழகத்தில் பதவி ஏதும் இல்லாத அன்புசெல்வனின் வணக்கம்.

இன்று நாம் ஒரு நூலை வெளியிடுகிறோம். பெரும்போர் விதிகள் என்பது அதன் பெயர். இதை எழுத எங்களுக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. அவற்றில் இரண்டு பெயர் வைப்பதிலேயே போய்விட்டன. மிச்சமிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போர்க்கலை முழுவதையும் எழுதி முடித்தோம்.

பகடை என்றதும் சில தாய்மார்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் கங்கம்மா அவர்கள், எங்கள் ஏஞ்சலினின் தாயார், முதல்முறை இந்தக் கூடத்துக்குள் வந்தபோது கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "டப்பு வச்சு ஆடறீங்களா, சும்மா ஆடறீங்களா?" சும்மாதான் ஆடுகிறோம் என்றோம். அம்மா சொன்னார்: "அது அதுக்கு மேல பேஜாரு. டப்பு வந்தாலாச்சும் ஒரு நாயம் கீது."

அம்மா அவர்களே, இன்னொரு முறை விளக்குகிறேன். ஒரு மேசை. சுற்றி நான்கைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். எங்கள் கழகத்தில் அவர் ஜெரால்ட். வார நாட்களில் கிரேன் ஓட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடர். அவரவர் செய்ய நினைப்பதை வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். நினைப்பது ஒருவர், நடத்துவது வேறொருவர், முடிவு எங்கிருந்தோ வருகிறது. நாம் வேலை பார்க்கும் எல்லா இடத்திலும் இப்படித்தானே நடக்கிறது? இங்கே ஒரே வேறுபாடு, முடிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

என் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் மாதமே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து நான் பார்வையாளன்.

ஆனால் ஏஞ்சலினின் பாத்திரம் அப்படியல்ல. பகலில் வயரிங் லைனில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் அந்தத் தங்கை, ஆட்டத்தில் ஒரு படகோட்டி. இரண்டு ஆண்டுகளாக ஆடினார். மற்றவர்கள் புதையலைத் தேடினார்கள். அவர் புறம்போக்கைத் தேடினார். மற்றவர்கள் வாளை வாங்கினார்கள். அவர் வாய்க்காலை வெட்டினார். ஆற்றங்கரை மேட்டில் ஓர் ஊரை எழுப்பினார். அதற்குப் புதுமேடு என்று பெயர் வைத்தார். ஜெரால்ட் அந்த வரைபடத்தை ஆரணியாற்றைப் பார்த்துத்தான் வரைந்தார். கதை என்பதால் அதில் தண்ணீரையும் வரைந்தார். அந்த ஊரில் குடியேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏஞ்சலின் பட்டா கொடுத்தார். வாயால் கொடுத்தால் போதும் என்றார் ஜெரால்ட். "வாயால குடுத்தத எங்க தெருவுல மூணு தலைமுறையா வச்சுக்கினு கீறோம். எழுதிக் குடு" என்றார் ஏஞ்சலின். எழுதினோம். ஆட்டம் இரண்டு மணி நேரம் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அப்படிப்பட்ட புதுமேட்டின் மீது வடக்கிலிருந்து ஓர் அரசன் படையெடுத்து வந்தான்.

எத்தனை பேருடன்? ஜெரால்ட் ஆர்வக்கோளாறில் ஆயிரம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அறுநூறு. கடையில் வாங்கிய விதிப்புத்தகமோ நான்கு பேர் ஓர் ஓநாயோடு சண்டை போடுவதற்காக எழுதியது. அதை நம்பி, ஆளுக்கொரு பகடை என்று உருட்டத் தொடங்கினோம். காலை நாஷ்டா முடித்து உட்கார்ந்தவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, பதினோரு வீரர்கள் வாளை வீசியிருந்தார்கள். அதில் ஏழு பேருக்குக் குறி தப்பிவிட்டது. அந்த வேகத்தில் போனால் போர் முடியும் முன் எதிரி அரசன் மூப்பால் இறந்துவிடுவான் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் அவருக்கு இடமாற்றம் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஒரகடம். கும்மிடிப்பூண்டி எங்கே, ஒரகடம் எங்கே? ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் போய் வந்து ஆடுகிற தூரமா அது? "ஊரு நின்னுச்சா, போச்சான்னு தெரியாம நான் எப்டிண்ணா போறது?" என்று என்னிடம் கேட்டார். தோற்றாலும் பரவாயில்லை, தெரிய வேண்டும் என்றார்.

அவையோரே, அந்தக் கேள்விக்குப் பிறந்ததுதான் இந்த நூல்.

(என்ன ஐயா? பிரியாணி தம்மில் இருக்கிறதாம். நானும் தம்மில்தான் இருக்கிறேன். இரண்டும் சேர்ந்தே இறங்கும்.)

முதல் விதி: தலையை எண்ணாதே. ஐம்பது பேர் ஒரு பேட்ச். ஒரு பேட்சுக்கு ஒரு பகடை. பேட்சைக் காட்டப் பொம்மை வாங்க வசதியில்லை. ஆனால் இந்த ஊரில் இரும்புக்குப் பஞ்சமா? வாஷர் என்றால் காலாட்படை. நட்டு என்றால் குதிரைப்படை. போல்ட்டு என்றால் யானைப்படை. கழிவுக் கூடையில் கிடந்தவை எல்லாம் களத்தில் எழுந்தன. தரச்சோதனையில் தோற்றவை எல்லாம் தானைத் தலைவர்களாயின.

இரண்டாம் விதி: சாவதற்கு முன் களைப்பு. இரு பக்கமும் உருட்ட வேண்டும். குறைந்த எண் விழுந்த பேட்சின் மீது ஒரு புளியங்கொட்டை வைக்கப்படும். மூன்றாவது கொட்டை விழுந்தால் அந்த பேட்ச் ஓடிவிடும். செத்துப் போகாது, வீட்டுக்குப் போகும். இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். எங்கள் போரில் யாரும் சாவதில்லை. எல்லோரும் களைத்துப் போகிறார்கள். இதை நாங்கள் எங்கிருந்து கற்றோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் விதிதான் முத்தான விதி. அந்தக் காலத்தில் சூரியன் சாய்ந்தால் சண்டையை நிறுத்துவார்களாம். ஷெட்டுக்குள் வேலை பார்க்கிறவனுக்குச் சூரியனைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்குத் தெரிந்தது சைரன். ஆகவே சாலமோன் ஐயா ஓர் இரும்புத் தட்டை வைத்துக்கொண்டு அமர்வார். தட்டை அடித்தால் ஷிப்ட் முடிந்தது. முன்னால் நின்ற படை பின்னால் போகலாம். ஆனால் எப்போது? ரிலீவர், அதாவது நம்மை விடுவிக்கும் அடுத்த ஷிப்ட் ஆள், வந்த பிறகு. வந்தவரிடம் களத்தின் நிலவரத்தை வாய்விட்டுச் சொல்லிச் சார்ஜ் கொடுத்த பிறகு. அவர் "எடுத்துக்கினேன்" என்று சொன்ன பிறகு. ரிலீவர் வராவிட்டால்? நின்றவர் நிற்க வேண்டியதுதான். அது ஓ.டி. ஆலையில் ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம். எங்கள் களத்தில் ஓ.டி. பார்த்தால் பகடையில் ஒன்று குறையும்.

உலகத்தில் வேறு எந்தப் போர் விதியிலாவது இது உண்டா? இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது என்று பழகியவன் போர்க்களத்தை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவான்?

நான்காம் விதி ஏஞ்சலின் கேட்டு வாங்கியது: ஆள் வந்தால்தான் அவர் படை வரும். அதற்கொரு காரணம் உண்டு. எங்கள் குதிரைவீரர் ஸ்டீபன், பாய்லர் ஆபரேட்டர், ஒரு ஞாயிறு வரவில்லை. அவருக்குப் பதிலாக மற்றவர்களே அவர் பாத்திரத்தை ஆடி, கரடிக் குகைக்குள் முதல் ஆளாக அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் கால் என்றால் எவ்வளவு துணிச்சல் வருகிறது பாருங்கள். ஸ்டீபனின் பாத்திரத்துக்கு உயிர் மிஞ்சியது; ஒரு கால் மிஞ்சவில்லை. அன்று ஏஞ்சலின் சொன்னார்: "வராதவன் பேர்ல இனிமே யாரும் உருட்டக் கூடாது."

இந்த நான்கு விதிகளோடு, அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு, ஏஞ்சலினுக்கு எங்கள் மேசையில் கடைசி ஞாயிறு, போர் தொடங்கியது.

எதிரிப் படைக்குத் தளபதி வேண்டுமே. கடம்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்திலிருந்து வந்து, ஸ்டீபன் வேலை பார்க்கும் அதே பாய்லர் ஹவுசில் வேலை பார்க்கும் வசந்தகுமார் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஆட்டத்தில் அவர் எப்போதும் நல்லவராகவே வந்தவர். கெட்டவராக ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் முகமே பொலிந்துவிட்டது. விபூதியை அழித்துவிட்டு மீசையை முறுக்கினார்.

ஸ்டீபனுக்கு அன்று முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடியும். முடிந்ததும் வண்டியை எடுத்தால் கால் மணியில் கூடத்தில் இருப்பார். அதுவரை அவருடைய நட்டுகள், அதாவது குதிரைப்படை, ஆற்றின் மேற்குக் கரையில் சும்மா நிற்கும். கைப்பேசிகள் எல்லாவற்றையும் வாங்கி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினோம். ஸ்டீபன் அழைத்தால் எடுப்பதற்கு ஏஞ்சலினின் கைப்பேசி மட்டும் வெளியே.

தொடங்கியது போர். வாஷர்கள் மோதின. போல்ட்டுகள் பிளிறின, பிளிறியது ஜெரால்ட். காலை முழுவதும் ஏஞ்சலின் வயல்களை விட்டுக்கொடுத்தார், வாய்க்காலை விட்டுக்கொடுத்தார், பாலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பாலம் போனால் ஊரும் போகும். மதியத்துக்குப் பின் பாலத்தில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாஷர். அதன் மேல் இரண்டு புளியங்கொட்டை. இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது. இரண்டு மணி ஆயிற்று. இரண்டே கால் ஆயிற்று. ஸ்டீபன் வரவில்லை.

ஜெரால்டுக்கே மனம் கேட்கவில்லை. "ஏஞ்சலு, ஸ்டீபனுக்குப் பதிலா நான் உருட்டறேன். குதிரைய எறக்கு" என்றார்.

"வேணாம். விதி கேட்டு வாங்கனது நானு. எனக்கு வேணும்னதும் மாத்தினா அது விதியா?"

எதிரே வசந்தகுமார் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. ஏஞ்சலின் ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் பாய்லரின் இரைச்சல்.

"ஏஞ்சலு, நான்தான். ரிலீவர் வரல. பாய்லர உட்டுட்டு எப்டி வர்றது?"

"யாருடா உன் ரிலீவரு?"

"வசந்தகுமாரு. ஷிப்ட் மாத்திக்கினு கீறான், மறந்துட்டான் போல. போன் அடிச்சுக்கினே கீறேன், எடுக்கவே மாட்றான்."

அவையோரே, எல்லோருடைய கண்ணும் அந்த டப்பாவுக்குப் போனது. எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது எங்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை யானையின் நடை என்று நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் எதிரித் தளபதியைப் பார்த்தோம். எவன் வந்தால் ஏஞ்சலினின் குதிரைப்படை வருமோ, அவன் வரவேண்டிய இடம் பாய்லர். எவன் வராததால் வரவில்லையோ, அவன் உட்கார்ந்திருக்கும் இடம் இந்த மேசை. எதிரிக்கு வரும் உதவியைத் தடுக்க உலகத்துத் தளபதிகள் மலையைக் குடைந்தார்கள், கடலில் கப்பலை நிறுத்தினார்கள். எங்கள் தளபதி மறந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

"நைனா, நானா?" என்றார் வசந்தகுமார்.

சாலமோன் ஐயா தட்டைக் கீழே வைத்தார். ஆலையின் டைம் ஆபீசில் இருந்த காலமெல்லாம் லேட்டாக வந்தவர்களைப் பார்த்த அதே பார்வையை எடுத்தார். அந்தப் பார்வைக்குச் சொல் தேவைப்பட்டதில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று சொல்லமாட்டேன், அவர் இன்றும் பின்னால்தான் இருக்கிறார். "ஒரே ஒரு உருட்டு உருட்டிட்டுப் போ வசந்தா. பாலம் உன்னுது."

உண்மைதான். ஒரே உருட்டு. எண்ணி ஐந்து நொடி. யார் குறை சொல்வார்கள்? ஏற்கெனவே தாமதம், இன்னும் ஐந்து நொடியில் பாய்லர் குளிர்ந்தா போய்விடும்? வசந்தகுமார் கையிலிருந்த பகடையைப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்தார். உருட்டவில்லை, வைத்தார்.

"ஸ்டீபன் காலைலேருந்து நின்னுக்கினு கீறாண்டா" என்றார். என்னைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணா, நீங்க சும்மாதானே கீறீங்க. சார்ஜ் எடுத்துக்கங்க."

கிணற்றில் விழுந்த நாளிலிருந்து என்னை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. எழுந்து நின்றேன். அவர் அவசர அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்:

"எடது பக்கம் ரெண்டு போல்ட்டு களைச்சுக் கீது, அத முன்னால அனுப்பாதீங்க. ராஜாவ பின்னாலயே வைங்க. பாலத்துல அவளுக்கு இன்னும் ஒரு கொட்டை போதும். அவ்ளோதான். எடுத்துக்கினீங்களா?"

"எடுத்துக்கொண்டேன்" என்றேன். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அவையோரே, நான் கேட்கிறேன். நாட்டைப் பிடித்த தளபதிகளைப் பார்த்திருக்கிறோம். கோட்டையைப் பிடித்த தளபதிகளைப் பார்த்திருக்கிறோம். வெற்றி கையில் இருக்கும்போது, அந்த வெற்றியை மேசையில் வைத்துவிட்டு, தன்னைத் தோற்கடிக்கப் போகும் குதிரைப்படையைத் தானே போய் விடுவித்து அனுப்பிய தளபதி எங்கே இருக்கிறான்? வடக்கே இருக்கிறானா? தெற்கே இருக்கிறானா? தேசத்தின் தலைநகரில் இருக்கிறானா? கும்மிடிப்பூண்டியில் இருக்கிறான். இதோ இந்தக் கூடத்தில் இருக்கிறான். பாயாசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருக்கிறான்.

(கைதட்டுங்கள், தவறில்லை. முந்திரி கருகாமல் பார்த்துக்கொள்வார்.)

இப்போது ஆயிரம் பேர் படைக்கு நான் தளபதி. எதிரே அந்தத் தங்கை. என் மனத்தில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணா, உட்டுக் குடுக்காதீங்க. உட்டுக் குடுத்து நின்ன ஊரு எனக்கு வேணாம்."

விட்டுக்கொடுக்கவில்லை. புதுத் தளபதிக்குக் களம் பிடிபடவே அரை மணி ஆயிற்று. பிறகு உருட்டினேன்: நான்கு. அவரும் நான்கு. சமம் என்றால் கொட்டை கிடையாது. தட்டு அடித்தது. அவருக்கு ரிலீவர் இல்லை, பாலத்தில் ஓ.டி. தொடங்கியது. மறுபடி உருட்டினேன்: இரண்டு. அவருக்கு மூன்று, ஓ.டி. போக இரண்டு. மறுபடியும் சமம். மூன்றாம் முறை உருட்டினேன்: ஐந்து. அவருக்கு இரண்டு. மூன்றாவது கொட்டை விழுந்தது. வாஷர் ஓடிவிட்டது. பாலம் காலி.

ஏஞ்சலின் தன் படகோட்டியைக் குறிக்க புஷ் என்கிற சிறிய பித்தளைக் குழல் ஒன்றை வைத்திருந்தார். காலையிலிருந்து ஊருக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அதை எடுத்துப் பாலத்தின் நடுவில் வைத்தார். ஒற்றை ஆள் ஒரு பேட்ச் ஆகுமா என்று ஜெரால்டைப் பார்த்தேன். "அவ ஆவா" என்றார் ஜெரால்ட்.

அப்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

ஸ்டீபன் சேஃப்டி ஷூவோடு ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம்: உருட்டுடா, உருட்டு. அவர் உருட்டவில்லை. மூச்சு வாங்க ஏஞ்சலின் முன்னால் நின்று, "சார்ஜ் குடு" என்றார்.

ஆமாம், விதி அதுதானே. சார்ஜ் கொடுக்காமல் ரிலீவ் ஆக முடியுமா?

ஏஞ்சலினும் எழுந்தார். "வலது பக்கம் யாரும் இல்ல. எடது பக்கம் யாரும் இல்ல. நடுவுல நான் கீறேன். பின்னால ஊரு கீது. அவ்ளோதான்."

"எடுத்துக்கினேன்" என்றார் ஸ்டீபன். "நீ போய் உக்காரு."

ஏஞ்சலின் உட்கார்ந்தார். வாரம் முழுக்க லைனில் நிற்பவர், அன்று காலையிலிருந்து இந்த மேசையிலும் நின்றுகொண்டேதான் ஆடியிருக்கிறார் என்பது அவர் உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இல்லை. நட்டுகள் ஆற்றில் இறங்கின. நான் களைத்த போல்ட்டுகளை முன்னால் அனுப்பவில்லை. அரசனைப் பின்னாலேயே வைத்தேன். சொன்னது சொன்னபடி செய்தேன். மூன்று உருட்டில் என் மையப்படை ஓடியது. அரசன் தன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். என் வாழ்நாளில் நான் தலைமை தாங்கிய ஒரே படை அது. முக்கால் மணி நேரம் தலைமை தாங்கினேன்.

கூடம் அதிர்ந்தது. "இன்னாடி ஆச்சு, ஊடு கெடச்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே, கடைசி ஆட்டம் என்பதால் பார்க்க வந்திருந்த கங்கம்மா மகளைக் கட்டிக்கொண்டார். கிடைத்தது அம்மா. பட்டாவோடு கிடைத்தது.

தோற்ற செய்தியைத் தளபதிக்குச் சொல்ல வேண்டுமே. பாய்லர் ஹவுசுக்கு அழைத்தேன்.

"பாலம்?" என்றார் வசந்தகுமார்.

"நின்றுவிட்டது தம்பி. தோற்றுவிட்டோம்."

"அந்த போல்ட்ட முன்னால அனுப்பலியே?"

"அனுப்பவில்லை."

"அப்ப உங்க மேல தப்பு இல்ல. ஏஞ்சலு சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறார்."

"சரிண்ணா, பிரஷர் பாத்துக்கினு கீறேன், அப்பறம் பேசறேன்."

ஏஞ்சலின் ஒரகடம் போனார். அங்கே ஹாஸ்டல் மொட்டைமாடியில் இப்போது இன்னொரு மேசை ஓடுகிறது. கழிவுக் கூடையிலிருந்து வாஷர் பொறுக்குவது அங்கேயும் பரவிவிட்டது. இன்று இந்த நூலின் முதல் படியைப் பெற்றுக்கொள்ள விடியற்காலைப் பேருந்து பிடித்து வந்து, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

கூடம் தந்த பெரியோர்களுக்கு நன்றி. இரும்பு தந்த கழிவுக் கூடைகளுக்கு நன்றி. புளியங்கொட்டை தந்த வீடுகளுக்கு நன்றி. குழம்பில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நின்றவர்களுக்கும், நின்றவர்களை விடுவிக்க வந்தவர்களுக்கும் என் வணக்கம்.

தலைவர் தட்டை அடித்துவிட்டார். என் ஷிப்ட் முடிந்தது. ஆனால் ரிலீவர் வராமல் நான் இந்த மைக்கை விட்டுப் போக முடியாது. அடுத்துப் பேச இருப்பவர் ஏஞ்சலின். வாம்மா, மேலே வா. சார்ஜ் கேட்டுக்கொள்: மைக் இடது பக்கம் கரகரக்கிறது, வலது பக்கமாகப் பேசு. வாசலருகே இருப்பவர்கள் ஒன்றரை மணிக்குள் கிளம்ப வேண்டும். பிரியாணி தம்மில் இருக்கிறது, கூட்டம் பசியில் இருக்கிறது, உன் அம்மா இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டாயா?

"எடுத்துக்கினேண்ணா. நீங்க போய் உக்காருங்க."